வாலுக்கும் பில் கட்டிய ராஜாக்கள்

ஹனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "இங்கே காட்டுக் குதிரை எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீக்குக் காசை முதலில் வாங்கிக்கொள்வார். யானை வேண்டுமா, உண்டு. புலி, சிறுத்தை, கரடி எல்லாம் ஸ்டாக்கில் உண்டு. ஒரு பக்கம் காவேரி வனவிலங்கு சரணாலயம், இன்னொரு பக்கம் மலை மாதேஸ்வரா சரணாலயம். குதிரை மட்டும் நோ ஸ்டாக்.

அந்த ஊர்ச் சாமியே குதிரையை நம்பவில்லையே ஐயா! மாதேஸ்வரருக்கு வாகனம் புலி. யோசித்துப் பார்த்தால் நல்ல முடிவுதான். புலி இருக்கும் காட்டுக்குள் குதிரையில் போனால் அதற்குப் பெயர் சவாரி இல்லை, ஹோம் டெலிவரி.

"மைசூர் ராஜ்ஜியம் குதிரைப் படைக்குப் பேர் போனதாச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். பேர் போனதுதான். ஹைதர் அலியின் குதிரை வீரர்கள் என்றால் ஆற்காட்டு நவாபுக்கு ராத்தூக்கம் போய்விடும். திப்பு தன் படைக்காகக் குதிரை வளர்த்த குணிகல் பண்ணை பிற்பாடு ரேஸ் குதிரைக்குப் புகழ் பெற்றது. ஆனால் மைசூர்ப் படையில் சில்லேதார் என்றொரு ரகம் உண்டு. குதிரை அவனுடைய சொந்தக் குதிரை. சர்க்கார் கொடுப்பது சம்பளம் மட்டும். குதிரை செத்தால் முதலும் போச்சு, வேலையும் போச்சு. அப்படிப்பட்ட மனிதன் பீரங்கியை நோக்கிப் பாய்வான் என்று எதிர்பார்ப்பது, இன்னும் தவணை கட்டி முடிக்காத காரை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வா என்று கூப்பிடுவது மாதிரி. கொள்ளையடிக்கும்போது முன்வரிசை, குண்டு விழும்போது பின்வரிசை. வீரம் இல்லாமல் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை.

சரி, குதிரையைத் தேடி காவேரியோடு கீழே இறங்குவோம். 1956 வரை ஹனூரும் கொள்ளேகாலமும் நம் கோயமுத்தூர் ஜில்லாதானே, உரிமையோடு போகலாம். ஹனூர்க் காட்டை உரசிக்கொண்டு, ஒகேனக்கல்லில் குதித்து, டெல்டா முழுக்கக் கிளை கிளையாகப் பிரிந்து ஆறு களைத்துப்போகும் நிலத்தின் தெற்கு மூலைக்கு வாருங்கள். கோடிக்கரை. 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவன் குதிரையில் வந்து சேர்ந்த அதே கோடிக்கரை. அவன் போய்விட்டான். குதிரைகள் இருக்கின்றன.

அவனுடைய குதிரையின் வம்சம் என்று சொல்லிக் கல்கி ரசிகர்களை ஏமாற்ற மாட்டேன். இவை மனிதன் வளர்த்து, கட்டவிழ்ந்து போன குதிரைகளின் வாரிசுகள். ஆள் கணக்கில் சொன்னால் வேலையை ராஜினாமா செய்தவை. மட்டக்குதிரை சைஸ். சேணம் கிடையாது, லாடம் கிடையாது, கொள்ளு வைக்க ஆள் கிடையாது. உப்புக் காற்று, களர் நிலம், வெயில் காலத்தில் மண்டையைப் பிளக்கும் சூடு, ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீர். அதில் நின்றுகொண்டு, முதுகில் கொக்கு ஏறி உட்கார்ந்ததைக்கூடக் கண்டுகொள்ளாமல் புல் மேய்ந்து, குட்டி போட்டு, குடும்பம் நடத்துகின்றன.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? இதே தமிழ் மண்ணில், குதிரையை ஒரு வருஷம் உயிரோடு வைத்திருக்கத் தெரியாமல் பாண்டியர்கள் கஜானாவைக் காலி செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

1292 வாக்கில் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் ராஜாக்களாம். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவார்களாம். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு கூடத் தேறாதாம்! அடுத்த வருஷம் மறுபடி ஆர்டர். நாமெல்லாம் வருஷா வருஷம் போனை மாற்றுவதைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஏன் செத்தன? காரணம் சமையல்கட்டில் இருந்தது. வேகவைத்த இறைச்சியும் சோறும் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தருவது வேறு மெனு: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் கட்டிப்போட்டு இப்படி விருந்து வைத்துக் கொழுக்கவைத்த பிறகு, பழக்காமலே ஏறிப் பேய் மாதிரி ஓட்டுவார்களாம். விருந்தோம்பலில் தமிழனை மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்த விருந்தாளி புல் தின்னும் ஜாதி என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். அரபு நாட்டில் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் நிறையவே இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிடாமல் வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் போலோ. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவது? சரக்கை விற்றுவிட்டு சர்வீஸ் சென்டர் திறக்காமல் இருப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

வஸ்ஸாஃப் சொல்லும் தொகையைக் கேட்டால் உட்கார்ந்துவிடுவீர்கள். காயல் முதலான துறைகளில் வருஷத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்று 220 தீனார். ஆக 22 லட்சம் தீனார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். யார் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் தெரியுமா? விற்கிறவர் கிஷ் தீவின் பெரிய வியாபாரி ஜமாலுத்தீன். பாண்டிய நாட்டில் அந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர், ராஜாவின் ஆலோசகராகவும் இருந்த அவருடைய தம்பி. டெண்டர் விட்டவரும் எடுத்தவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள். பில் மட்டும் மதுரைக்கு வந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்து என்கிறார் வஸ்ஸாஃப். இங்கேதான் எனக்கு மாணிக்கவாசகர் ஞாபகம் வருகிறது. திருவாதவூரார் என்ற அவர் பாண்டியனின் மந்திரி. குதிரை வாங்கிவரச் சொல்லிப் பெட்டி நிறையப் பொன் கொடுத்து அனுப்புகிறான் ராஜா. மனிதர் திருப்பெருந்துறையில் குருவைப் பார்த்தார், குதிரையை மறந்தார், பொன்னை எல்லாம் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். கோயில் பணம் குதிரைக்குப் போன நாட்டில், குதிரைப் பணத்தைக் கோயிலுக்குத் திருப்பிவிட்ட ஒரே நிதி அதிகாரி!

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக வந்து ஒப்படைத்தார். பாண்டியன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சுழி பார்த்து, பிரமாதம் என்று லாயத்தில் கட்டினான். ராத்திரி எல்லாம் நரியாகி, ஊளையிட்டு, ஏற்கெனவே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அரசனுக்கு வந்த கோபத்தைத் திருவிளையாடற் புராணம் விவரமாகச் சொல்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். போலோ கணக்குப்படி இரண்டாயிரம் வாங்கினால் நூறுகூடத் தேறாத லாயம் அது. அங்கே ஒரு லோடு குதிரை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மற்ற வருஷங்களில் நரிகூட இல்லாமலே அது நடந்துகொண்டிருந்ததே!

பாண்டியனை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மரைப் பாருங்கள். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் சிம்மாசனம் ஏறிய மாவீரர். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை வரவழைத்தார். மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ். உயிரோடு வந்தாலும் அதே விலை, செத்து வந்தாலும் அதே விலை. கடலில் செத்திருந்தால்? வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுக் குதிரைக்கான பணம் கைக்கு வந்துவிடும். நான் அடித்துவிடவில்லை சாமி, போர்த்துக்கீசியர் நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு குதிரையின் வாலை எத்தனை துண்டாக்கலாம் என்று அந்தக் கப்பலில் ஒருவராவது யோசித்திருக்க மாட்டாரா?

ஏன் இப்படி வாரி இறைத்தார்கள்? எதிரியிடம் குதிரை இருந்தது என்பது ஒரு காரணம், நியாயமான காரணம். இன்னொரு காரணம், குதிரை மேல் உட்கார்ந்தால் மனிதன் தன்னை இரண்டடி கூடுதல் உயரமாக நினைத்துக்கொள்கிறான். போலோ பார்த்த பாண்டிய ராஜா இடுப்பில் ஒரு துணியும் கழுத்தில் ஒரு நகரத்தையே வாங்கக்கூடிய ரத்தினமுமாக இருந்தாராம். அந்த உடுப்புக்கு அரபுக் குதிரைதான் பொருந்தும். மட்டக்குதிரையில் ஏறினால் கால் தரையில் இழுபடும், மரியாதை போய்விடும்.

கடைசியில் என்ன ஆச்சு? பாண்டியன் குலசேகரனை 1310-ல் அவன் மகன் சுந்தரனே கொன்றான் என்கிறார் வஸ்ஸாஃப். சுந்தரனும் இன்னொரு மகன் வீரனும் அடித்துக்கொண்டிருந்தபோது டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூர் வந்தான். 1311-ல் திரும்பிப் போகும்போது 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கூடப் போயின என்று டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு கணக்குக் கொடுக்கிறார். பாலும் வெண்ணெயும் தாண்டி உயிர் பிழைத்த குதிரைகளுக்கு டெல்லிக்கு டிரான்ஸ்ஃபர்.

இத்தனைக்குப் பிறகும் தமிழ்நாட்டில் சாகாமல் நின்றவை ஐயனார் கோயில் குதிரைச் சிலைகள்தான். புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயரமாக ஒன்று நிற்கிறது. தீனி கேட்பதில்லை, வைத்தியர் கேட்பதில்லை. வேளார் கைப்பட்ட மண்ணுக்குத் தெரிந்த சூட்சுமம் பாண்டியன் லாயத்துக்குத் தெரியவில்லை.

இனி கடலைக் கொஞ்சம் தாண்டுவோம். கோடிக்கரைக்கு எதிரே, யாழ்ப்பாணத்தின் தென்மேற்கில் நெடுந்தீவு. பவளக் கல்லை அடுக்கிய வேலிகள், பனைமரம், உவர்த் தண்ணீர். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த குதிரைகள் இங்கே தங்கிவிட்டன என்பார்கள். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு வீட்டு ஞாபகம் அதிகம். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் பனங்கள் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். டெல்ஃப்டில் குதிரை வளர்த்தார்கள், லாயம் கட்டினார்கள். இப்போது லாயம் இடிந்து கிடக்கிறது, குதிரைகள் அதற்கு வெளியே மேய்கின்றன. 2015-ல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அஸ்ஸாமில் திப்ரு-சைகோவா பூங்காவின் ஆற்றுத் திட்டுகளிலும் இதே கதை. இரண்டாம் உலகப் போருக்கு வந்த குதிரைகளின் வாரிசுகள் என்கிறார்கள். ராணுவம் போனது, குதிரை நின்றது.

சரி, ராஜா போன பிறகு குதிரை என்னதான் செய்கிறது? பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், உதைக்கும்.

ஒரு ஆண்குதிரை, மூன்று நான்கு பெட்டைகள், அவற்றின் குட்டிகள். இதுதான் குடும்பம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆண்தான் மகாராஜா மாதிரி தெரிவார்: வளைந்த கழுத்து, பறக்கும் பிடரி. கூட்டம் நகரும்போது பாருங்கள். முன்னால் போவது பெரும்பாலும் ஏதாவது ஒரு பெட்டை. மகாராஜா கடைசியில், தலையைத் தரையோடு தாழ்த்தி, காதை மடக்கி, பின்தங்கியவர்களை விரட்டிக்கொண்டு வருகிறார். கல்யாண வீட்டிலிருந்து குடும்பத்தைக் கிளப்பப் பார்க்கும் மாமாவுக்கும் அவருக்கும் வித்தியாசம் வால் மட்டும்தான்.

போலோ பார்த்த பாண்டியனுக்கு மனைவிமார் ஐந்நூறு பேராம். குதிரையாருக்கு நாலு பேரைக் கட்டிக் காப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. மேய்வதற்கே நேரம் போதாது. பக்கத்துக் கூட்டத்து ஆண் வருகிறதா, பிரம்மச்சாரிகள் வருகிறார்களா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஆமாம், பிரம்மச்சாரிகள். குடும்பத்தில் பிறந்த பையன் இரண்டு மூன்று வயதானதும் வெளியேறி, தன்னைப் போன்ற வாலிபர்களோடு சேர்ந்து ஒரு மேன்ஷன் வாழ்க்கை வாழ்கிறான். அங்கேதான் கடித்து, உதைத்து, விளையாடிச் சண்டை பழகுகிறான். பெண் குட்டியும் பருவம் வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறது. பாண்டியன் குலசேகரன் மட்டும் மகன்களை இப்படி நேரத்தோடு மேன்ஷனுக்கு அனுப்பியிருந்தால்!

பெட்டைகள் சும்மா இல்லை. அவற்றுக்குள் தோழிகள் உண்டு. எதிரும் புதிருமாக நின்று ஒன்றின் தோளை இன்னொன்று பல்லால் சொறிந்துவிடும். அந்த இடத்தில் சொறிந்தால் குதிரைக்கு இதயத் துடிப்பே நிதானமாகிறது என்று பிரான்சில் 1993-ல் அளந்து காட்டினார்கள். நியூசிலாந்துக் கைமானாவா மலைக் குதிரைகளைக் கவனித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நல்ல தோழிகள் உள்ள பெட்டைக்குக் குட்டிகள் அதிகம் தங்குகின்றன என்றார்கள். ஆண்குதிரையின் கம்பீரத்துக்கு இதில் என்ன பங்கு என்று தேடினேன். பெரும்பாலும் இடைஞ்சல்.

இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால்? சினிமா சண்டை அபூர்வம். பெரும்பாலும் விவகாரம் ஒரு சாணக் குவியலில் முடிந்துவிடும். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. இருவரும் கழுத்தை வளைத்து விறைப்பாக வருவார்கள். மூக்கோடு மூக்கு உரசுவார்கள். ஒரு கீச்சுக் குரல், முன்காலால் தரையில் ஒரு உதை. பிறகு குவியலை ஆழ்ந்து முகர்வார்கள். ஒருவர் திரும்பி நின்று தன் பங்கைப் போடுவார். திரும்பி முகர்வார். அடுத்தவர் வந்து அதன் மேல் போடுவார். அவரும் முகர்வார். கடைசியாகப் போடுகிறவர்தான் பெரும்பாலும் பெரியவர்! நம் பொதுக்கூட்டங்களில் தலைவர் ஏன் எப்போதும் கடைசியில் பேசுகிறார் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

ஒரு விஷயத்தை மார்க்கோ போலோவிடம் திரும்பக் கேட்க வேண்டும். நல்ல ஜாதி ஆணையும் பெட்டையையும் சேர்த்தாலும் இந்த ஊரில் பிறப்பது குட்டையாக, கால் கோணலாக, ஏறுவதற்கே லாயக்கில்லாத குட்டிதான் என்று எழுதினார். ஐயா போலோ, ஏறுவதற்கு லாயக்கில்லை என்பது உங்கள் பிரச்சினை. குட்டையாக இருந்தால் தீனி குறைவாகப் போதும், வெக்கை குறைவாகத் தாக்கும், யாரும் சேணம் கட்ட வரமாட்டார்கள். 220 தீனார் அழகன்கள் காயல் கரையில் செத்து விழுந்தார்கள். கோடிக்கரையிலும் நெடுந்தீவிலும் தாக்குப்பிடிப்பவை கட்டைக்கால் ஆசாமிகள்தான்.

அதற்காக வனத்துறை இவற்றுக்கு மாலை போடும் என்று நினைத்துவிடாதீர்கள். கோடிக்கரைச் சரணாலயம் 1967-ல் வெளிமானுக்காக ஏற்பட்டது. குதிரை அழைப்பில்லாத விருந்தாளி. மான் தின்ன வேண்டிய புல்லைத் தின்கிறது. போதாக்குறைக்குச் சீமைக்கருவேலம். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அதன் நெற்று குதிரைக்கு மிட்டாய். தின்றுவிட்டு, விதையைச் செரிக்காமல், உரத்தோடு சேர்த்துப் புல்வெளி முழுக்க நட்டுக்கொடுக்கிறது. இறக்குமதிக் குதிரை இறக்குமதி மரத்தைப் பரப்ப, உள்ளூர் மான் ஓரமாக நின்று பார்க்கிறது. வனத்துறை ஆட்கள் ஒரு பக்கம் கருவேலத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டே போக, மறு பக்கம் நம் ஆண்குதிரை தன் பழைய குவியலுக்கு வந்து, அடுத்த தவணை விதையைப் போட்டு, திரும்பி நின்று முகர்ந்து, அளவில் திருப்தியாகி, பெட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிறார்.